எச் எண் எத்தனை, டாக்டர்?

ஜிப்மர் கிளை 2016-ல் காரைக்காலுக்கு வந்தது. ஊர்க்காரர்கள் இன்னும் டாக்டரின் கைராசியைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் உலகெங்கும் பதவி உயர்வுக் குழுக்கள் விசாரிப்பது எச் எண்ணை. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் பத்து. காட்டியது யார் என்று கணக்கு கேட்காது. நீங்கள் எனக்கு, நான் உங்களுக்கு. ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு நானே.

ஆதாரம் கேட்பதில் இந்த ஊருக்கு ஒரு முன்னோடி உண்டு: காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கணவன் பரமதத்தன். மனைவி பரிமாறிய இரண்டாவது மாம்பழம் முதலாவதைவிட அதிகமாகத் தித்தித்ததும், இது ஏது என்று அவளைக் கேட்டான். இறைவன் தந்தது என்றாள். மனுஷன் விடவில்லை, அப்படியானால் இன்னொன்று வாங்கிக் காட்டு என்றான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. மூலத்தைக் கேட்டு, சோதனையைத் திரும்பச் செய்யவும் சொல்லும் மதிப்பாய்வாளர் இன்று எத்தனை மருத்துவ இதழ்களுக்கு வாய்த்திருக்கிறார்? அவனுக்குக் கிடைத்ததென்னவோ ஆனி மாங்கனித் திருவிழாவில் மாப்பிள்ளை அழைப்பு மட்டும்தான்.

கல்கத்தாவின் சம்புநாத் டேக்கு அதுவும் இல்லை. காலரா கிருமி நஞ்சைச் சுரக்கிறது என்று 1959-ல் நேச்சர் இதழில் நிறுவியவர். 1985-ல் இறக்கும்வரை நம் அறிவியல் கழகங்கள் அவரை உறுப்பினராக்கவில்லை. எச் எண் குறைவு என்று சொல்லவும் வழியில்லை, அது அப்போது பிறக்கவே இல்லை.