கரிவலம்வந்தநல்லூர் அம்பாசிடருக்கு மாற்றுச் சைலன்சர் தெரிவு செய்தல்: ஒரு முன்னாய்வு

தமிழில் நண்டுக்கும் நாரைக்கும் ஆய்வேடு உண்டு. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்பதற்குக் கருத்தரங்கமே நடத்தலாம். ஆனால் உயிரோடு ஓடுகிற ஓர் அம்பாசிடரின் சைலன்சர் உதிர்ந்தால் அடுத்ததை எந்த நெறியில் தெரிவு செய்வது என்று இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. டீக்கடைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள்; அவை அச்சேறவில்லை.

ஆய்வுக்களம் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும் இருக்கும் ஊர். அதிவீரராம பாண்டியர் பெயரில் இத்தலத்துக்கு மூன்று அந்தாதிகள் வழங்குகின்றன. ஒரு பாட்டு முடிந்த சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்குவது அந்தாதி. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த யாப்பு நன்றாகப் பழக்கம்: ஒரு ரிப்பேர் முடிந்த இடத்தில்தான் அடுத்தது ஆரம்பிக்கும்.

களத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு. இந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண், கரிவலம் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சைலன்சர் என்பது நெருப்பில் பிறந்த காற்று செல்லும் வழி. அதை அரிப்பது நீர், கீழிருந்து இடிப்பது மண், அதன் குரல் போய்ச் சேருமிடம் ஆகாயம். ஐந்தும் ஒரே தகரக் குழாயில் அடங்கியிருப்பதை முன்னோர் ஏன் குறிப்பிடவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆய்வுப் பொருள் ஒரு மார்க் 2 அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் அச்சில், வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 மே மாதம் வரை செய்துவந்த வண்டிக் குலத்தைச் சேர்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'பிளசர்' என்றே சொல்கிறார்கள். உரிமையாளரை இக்கட்டுரை அண்ணாச்சி என்று மட்டும் குறிக்கும்; ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. வண்டி கோயிலுக்கும், கல்யாணத்துக்கும், மாதம் இரண்டு முறை சங்கரன்கோவில் சந்தைக்கும் போகும். மற்ற நாளில் ஷெட்டில் தார்ப்பாய்க்கடியில் கிடக்கும்.

நோயறிதல் எளிமையாக நடந்தது. மெக்கானிக் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சைலன்சரைத் தட்டினார். 'டங்' என்று வரவேண்டிய ஒலி 'சொத்' என்று வந்தது. முனையைத் திருப்பி லேசாக அழுத்தினார். அது எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை உள்ளே போனது. செம்பழுப்புப் பொடி அவர் மூக்கில் கொட்டியது.

"அண்ணாச்சி, இது சைலன்சரே இல்ல. பெயிண்ட்தான் குழாய் மாரி நிக்குது."

"ஒட்டுப் போட முடியாதாடே?"

"ஒட்டுறதுக்கு அங்கன தகரம் வேணும்லா?"

இந்த உரையாடலிலேயே கேள்வி எழுகிறது. குறைவாக ஓடும் வண்டிக்குச் சைலன்சர் ஏன் சீக்கிரம் போகிறது? நடக்காத செருப்பு தேயாது என்பது உலக வழக்கு. அதே விதி இங்கும் பொருந்தும் எனின், அற்றன்று. பெட்ரோல் எரிந்தால் புகை மட்டுமல்ல, தண்ணீரும் பிறக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாகக் கக்குகிறது. ராஜபாளையம் வரை ஓட்டினால் குழாய் முழுக்கச் சூடேறி ஆவி வெளியே போய்விடும். தெருமுனைக் கோயிலோடு திரும்பினால், சூடேறாத பெட்டிக்குள் ஆவி நீராகித் தங்கும். எரிந்த வாயுவின் அமிலமும் அதில் கரைந்திருக்கும். நாள்கணக்கில் தார்ப்பாய்க்கடியில் ஊறினால் தகரம் உள்ளிருந்து தின்னப்படும். வெளியே பூசிய வெள்ளிப் பெயிண்டுக்கு இந்தச் செய்தி போவதேயில்லை. ஆகவே பக்தியே அண்ணாச்சியின் சைலன்சரைக் கொன்றது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், குறைந்த தூரத்துப் பக்தி.

இனி வகைப்பாடு. நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக்கும். சைலன்சர்களும் அவ்வாறே.

முதற் சைலன்சர், கம்பெனி முத்திரையோடு பிறந்தது. உற்பத்தி நின்ற பிறகு இது சுவடி தேடுவது போன்ற வேலை. சென்னைப் புதுப்பேட்டை முதல் சிற்றூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பரண் வரை தேடவேண்டும். கிடைத்தாலும் 'பழைய ஸ்டாக், புதுச் சரக்கு' என்ற சொற்றொடரை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு வாயும் திறந்தபடி பரணில் பல வருஷம் கிடந்த பெட்டிக்குள் குளவி குடியிருந்திருக்கும், கடற்கரையூர்க் கடையானால் துரு பிடித்திருக்கும். டார்ச் அடித்து ஒருமுறை பார்த்து, காதருகே வைத்துக் குலுக்கிக் கேட்டபிறகே விலை பேசவேண்டும்.

வழிச் சைலன்சர், முதலைப் பார்த்து வேறொருவர் செய்தது. இங்கேதான் தெரிவு என்ற சொல்லுக்கு வேலை. தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும்: கனம் இல்லாதது கனவான் அல்ல. பெட்டியின் தையல் இரண்டு மடிப்பாக மடக்கி அழுத்தப்பட்டிருக்கிறதா, அங்கங்கே புள்ளி வெல்டிங் மட்டுமா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். அடிவயிற்றில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருந்தால் அதைக் குறை என்று சொல்லித் தள்ளுபடி கேட்கக் கூடாது. மேலே சொன்ன தண்ணீர் சொட்டிப் போக விட்ட வழி அது. அதை எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுத்த நல்லெண்ணக்காரர்கள் உண்டு.

சார்புச் சைலன்சர், வேறேதோ வேனுக்கோ சின்னக் காருக்கோ பிறந்ததை அறுத்துப் பற்றவைத்து ஒப்பேற்றுவது. சின்ன எஞ்ஜினுக்குச் செய்த பெட்டியை 1489 சி.சி. எஞ்ஜினுக்கு மாட்டினால் மூச்சு முட்டும். குழாய்க்குப் பம்புசெட் ஜி.ஐ. பைப்பை வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை விவசாய ஊர்களில் தவறாமல் வரும். ஜி.ஐ. பைப்பின் மேற்பூச்சு துத்தநாகம். வெல்டிங் சூட்டில் அது புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்த வெல்டருக்குச் சாயங்காலம் குளிரோடு காய்ச்சல் அடிக்கும். வேண்டாம்.

நான்காவதாக எவர்சில்வர் மரபு என்று ஒன்றைச் சிலர் முன்வைக்கின்றனர். 'ஒரு தடவ போட்டா பேரன் காலம் வரைக்கும் நிக்கும்' என்பது அவர்கள் சூத்திரம். இதிலும் சாதி உண்டு. பாத்திரக் குலத்து 304-ல் காந்தம் ஒட்டாது. சைலன்சருக்கென்றே வரும் 409-ல் ஒட்டும். மேலாகத் துருவும் பிடிக்கும், ஆனால் சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு தாங்கும். அண்ணாச்சி பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு கடைக்குப் போனார். காந்தம் ஒட்டவில்லை; முகம் மலர்ந்தது. ஆனால் 304 சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் எங்காவது விரிசல் விடும். விலையைக் கேட்டதும் வீட்டு ஆச்சி, 'இந்த ரூவாய்க்கு ரெண்டு தவலையும் ஒரு அண்டாவும் வாங்கலாம், அது சத்தமும் போடாது' என்று தெரிவித்த கருத்தைத் திறனாய்வாளர் எவரும் இதுவரை மறுக்கவில்லை.

ஒலியியல் பகுதிக்கு வருவோம். இந்த எஞ்ஜினின் ஹெட்டில் புகை வெளியேறும் வாய்கள் மூன்றே. முதல் சிலிண்டருக்கு ஒன்று, நான்காவதுக்கு ஒன்று. நடு இரண்டும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்ளும். அண்ணன் தம்பி சொத்தில் இது சண்டையாகியிருக்கும். இங்கே 1-3-4-2 என்ற வரிசையில் வெடிப்பதால் மூன்றாவதும் இரண்டாவதும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. அம்பாசிடரின் பிறப்பொலி வல்லினமும் அல்ல, மெல்லினமும் அல்ல, இடையினம். பெட்டியை எடுத்துவிட்டு வெறுங்குழாய் போட்டால் வல்லினமாகும்: நன்னூல் சொல்லும் மிகைபடக் கூறல் என்ற குற்றம். உள்ளே தடுப்புத் தகடு கழன்று கிடந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரே தட்டல்: கூறியது கூறல். கட்டுக்கம்பியால் தொங்கவிட்ட செத்த சைலன்சர் நின்று பயனின்மை.

டீக்கடை ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவும் ஒரு கோட்பாடு: 'பேக் பிரஷர் இல்லேன்னா இழுவ போயிரும்.' இக்கூற்றில் உண்மை இருக்கிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது. எஞ்ஜினுக்கு எதிரழுத்தம் என்றைக்கும் உதவாது. அதற்கு வேண்டியது புகை ஓடும் வேகம். குழாய் அளவுக்கு மேல் அகலமானால் வாயு சோம்பி நடக்கும். முன்னே போகும் அலை பின்னே வருவதை இழுத்துக்கொண்டு போகாது. ஏற்றத்தில் இழுவை குறையும். குறுகினால் புகை தேங்கும். ஆகவே பழைய குழாயின் விட்டத்தை அளந்து அதையே வைத்துக்கொள்வது அறிவு. 'அரை இஞ்ச் கூட்டிப் போடுங்க, சும்மா பறக்கும்' என்பவரிடம், பறந்து எங்கே போகவேண்டும் என்று கேட்கவேண்டும்.

சட்டமும் இதில் பேசியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 120-ஆம் விதி சைலன்சர் வேண்டும் என்கிறது. 112-ஆம் விதி, புகை கீழ்நோக்கியும் இடப்பக்கமும் போகக் கூடாது, பின்னாலோ வலப்பக்கமோ போகவேண்டும் என்கிறது. இடப்பக்கம் நடந்துபோகிறவனுடையது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறெந்த நூலும் சொன்னதில்லை. வால் குழாய் வண்டி உடம்பைத் தாண்டி வெளியே நீளவேண்டும் என்பதற்கு விதியைவிடப் பெரிய காரணம் உண்டு. பழைய வண்டியின் தரைத்தகட்டில் ஓட்டை இருக்கும். குழாய் இடையில் கசிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சீட்டுக்கடியிலிருந்து மேலே வரும். பின் சீட்டில் இருப்பவர் தூங்கி விழுந்தால் அது பயணக் களைப்பு என்றே நினைப்பார்கள். இந்த ஓரிடத்தில் ஆய்வாளர் விளையாடவில்லை.

பொருத்தும் முறை. மேனிபோல்டு ஸ்டட்டுகளில் முதல் நாளே டீசல் ஊற்றி ஊறவைக்கவேண்டும். மறுபடி மாட்டும்போது பித்தளை நட் போட்டால் அடுத்த தலைமுறை மெக்கானிக் வாழ்த்துவார். பின் ஆக்சிலுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவைப் பட்டறையில் செய்வதைப் பார்க்கவேண்டும். குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக அடைத்து, இரு முனையும் மரக்கட்டையால் மூடி, கேஸ் நெருப்பில் சிவக்கவைத்து மெல்ல வளைக்கிறார்கள். மணல் ஈரமாக இருந்தால் ஆவி சேர்ந்து கட்டை தெறிக்கும். எனவே ஊர் மணலை வாணலியில் வறுத்து எடுக்கிறார்கள். வளைவும் ஆக்சிலும் எவ்வளவு தள்ளியிருக்கவேண்டும் என்பதைக் காலி வண்டியில் அளக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஐந்து பேரைப் பின்னால் ஏற்றி, ஸ்பிரிங் படிந்த பிறகு அளக்கவேண்டும். வேடிக்கை பார்ப்போர்க்கு ஆய்வில் பங்களிக்கக் கிடைக்கும் ஒரே இடம் இது. எஞ்ஜின் ரப்பரில் உட்கார்ந்து ஆடுவது. குழாயை இரும்புக் கம்பியால் வண்டி உடம்போடு கட்டிப்போட்டால் ஆட்டமெல்லாம் மேனிபோல்டு வாயில் இறங்கி அதைப் பிளக்கும். ரப்பர் தொங்கல் கட்டாயம்.

முடிவில் அண்ணாச்சி தெரிவு செய்தது வழிச் சைலன்சர்: சாதா இரும்பு, இரட்டை மடிப்புத் தையல், அடியில் துளை, பழைய விட்டம். எவர்சில்வர் நுனிக்குழாய் ஒன்றைக் கடைக்காரர் இலவசமாகத் தந்தார். அது சரியா தவறா என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருப்பதால் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது.

சைலன்சர் உள்ளே காய்ந்திருக்கவேண்டுமானால் வண்டி நெடுந்தூரம் ஓடவேண்டும். சிவராத்திரியன்று ஐந்து தலங்களையும் ஒரே நாளில் சுற்றுவது இங்கே வழக்கம். அந்தத் தூரம் போதும், மாதம் ஒருமுறை போகலாம் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். இங்கே ஒரு சிக்கல். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 வயது தாண்டிய இந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டி அண்ணாச்சி விண்டேஜாகப் பதிந்துவிட்டார். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு எடுக்கலாம். சாமி கும்பிடுவது அந்தப் பட்டியலில் இல்லை. தென்மலைக்குப் போகிற வழியில் எவரேனும் கைகாட்டி நிறுத்தினால், வண்டியில் நடப்பது ஆராய்ச்சிதான் என்று காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டதன் பேரில் இக்கட்டுரை எழுதப்பட்டது. ஒரு படி லேமினேட் செய்து டேஷ்போர்டில் வைக்கப்பட்டுள்ளது.