பாத்திமாவும் பால்குடி மறத்தலும்: பெரம்பலூர், அரியலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

லப்பைக்குடிகாட்டில், வெள்ளாற்றுப் பக்கம் போகும் தெரு ஒன்றில் நின்று “பாத்திமா!” என்று ஒரு குரல் கொடுத்தேன். நான்கு வாசல்களில் தலை தெரிந்தது. இவ்வாய்வின் களப்பணி இவ்வளவே. செலவு ஒரு டீ.

முதலில் ஒரு பிழையான கொள்கையை அப்புறப்படுத்த வேண்டும். அது என்னுடையதுதான். பெரம்பலூர் சின்ன வெங்காயச் சீமை. வெங்காயத்துக்குப் பாத்தி உண்டு. ‘மா’ என்பது பழைய நில அளவையில் ஒரு வேலியில் 20-இல் ஒரு பங்கு. ஆகவே பாத்திமா என்பவள் ஒரு மா நிலத்துக்குப் பாத்தி கட்டியவள் என்று நிறுவி, மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அரபி ஓதிய பெரியவர் ஒருவர் டீக்கடையில் அதைக் கவிழ்த்தார்: “தம்பி, அது அரபிப் பேரு. வெங்காயத்த விட்டுடுங்க.”

விட்டேன். ஃப, த, ம என்ற மூன்று எழுத்து வேர். அந்தத் த நம்முடையதைவிடக் கனமானது. பொருள், குழந்தைக்குப் பால்குடி மறக்கடிப்பவள். நபிகளாரின் மகளால் உலகெங்கும் பரவிய பெயர் என்றாலும் அவருக்கும் முந்தியது. அவருடைய மாமியார், அதாவது கணவர் அலி அவர்களின் தாயார் பெயரும் பாத்திமாதான். மாமியாரும் மருமகளும் ஒரே பெயரில் இருந்தால் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் அரசாண்ட நாளில் எகிப்தை ஆண்டது இப்பெயரால் அமைந்த பாத்திமிய வம்சம். போர்த்துகலில் பாத்திமா என்றே ஓர் ஊர் உண்டு. 1917-இல் அங்கே மாதா காட்சி தந்ததாகச் செய்தி பரவியபின், கிறிஸ்தவ வீடுகளிலும் பாத்திமாக்கள் பிறக்கலானார்கள்.

அடுத்து, ஃ பற்றிய இயல். பாட்டி பாத்துமா. மகள் பாத்திமா. பேத்தி ஃபாத்திமா. தலைமுறைக்கு ஒரு திருத்தம். கடைசியில் மூன்று புள்ளி. பழைய இலக்கணப்படி ஆய்தம் சொல்லுக்கு முதலில் வராது. பேத்திக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ரேஷன் கார்டில் புள்ளி இல்லை, ஆதாரில் இருக்கிறது, பாஸ்போர்ட்டின் ஆங்கிலத்திலோ த-வுக்கு டி போட்டு நம் வழக்கப்படி ஓர் எச்சும் ஒட்டியிருக்கிறது. மூன்றும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அத்தா துபாயிலிருந்து லீவு போட்டு வர வேண்டும். எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்த வீரமாமுனிவர் பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில்தான் இருந்தார். இதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

இனி இவ்வாய்வின் மையம். பெரம்பலூர் 1995-இல் திருச்சியிடம் பால்குடி மறந்து தனி மாவட்டமானது. 2001-இல் அரியலூரைப் பெரம்பலூர் மறக்கடித்தது. அப்போது தமிழகத்தின் ஆளுநர் யார்? பாத்திமா பீவி! உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர். பெயர்ப் பொருத்தத்தில் எனக்கே புல்லரித்தது. ஆனால் அந்த ஆண்டே அவர் பதவி விலகினார். 2002-இல் அரியலூர் மறுபடி தாய்மடிக்கே போய்விட்டது. 2007-இல்தான் நிரந்தரமாகப் பிரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பை, நான் குரல் கொடுத்தபோது எட்டிப்பார்த்த பாத்துமாப் பாட்டியிடமே சொன்னேன். ஆறு பிள்ளைகளுக்குப் பால் மறக்கடித்தவர். மார்பில் வேப்பெண்ணெய் தடவுவாராம். கசப்பில் பிள்ளை முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொள்ளும், இரண்டு ராத்திரி அழும், மூன்றாம் ராத்திரி சோற்றுக்கு வந்துவிடும். ஆண்டுக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

“மொதத் தடவ வேப்பெண்ண பத்தல போலருக்குப்பா.”