ஓவர்கால் செய்தவர் உள்ளே போவதில்லை: ஓர் ஆய்வு

பிரிட்ஜ் ஆட்டத்தில் எதிரணி ஏலத்தைத் தொடங்கிய பிறகு, 'எங்களுக்கும் வாய் உண்டு' என்று இடையில் புகுந்து கேட்பதற்கு ஓவர்கால் என்று பெயர். இதன் கணக்கு வழக்கைப் பற்றி நூல்கள் ஏராளம். இதன் குற்றவியலைப் பற்றி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் ஒன்றே: மேசையில் விளையும் சேதத்துக்கெல்லாம் மூலகாரணம் ஓவர்கால் செய்தவர், தண்டனை மட்டும் எப்போதும் வேறொருவருக்கு.

முதலில் குற்றத்தின் இயல்பு. ஒரு கிளாவர் தொடங்கி ஏழு நோ-டிரம்ப் வரை கேட்கக்கூடியவை மொத்தம் 35. ஏறியவர் இறங்க முடியாது. எதிராளி 'ஒரு கிளாவர்' என்றதும் நீங்கள் 'ஒரு இஸ்பேட்' என்றால், அவருடைய ஜோடி சாவகாசமாகச் சொல்ல வைத்திருந்த ஒரு டைமனும் ஒரு ஆட்டினும் அந்த நொடியே செல்லாக்காசு. உங்கள் கையில் இருப்பதோ ஐந்து இஸ்பேட்டும் ஒன்பது பாயிண்டும். ஏலக்கடையில் அண்டா வேண்டாத ஆள் விலையை ஏற்றிவிட்டு பீடி பற்றவைப்பதற்கு ஒப்பான செயல் இது. 'எந்தச் சீட்டை முதலில் இறக்குவது என்று ஜோடிக்கு வழி காட்டினேன்' என்பார்கள் பிற்பாடு. நியாயம்தான். வழி காட்டப்பட்ட ஜோடி வேறு இனத்தை இறக்குவதே உலக வழக்கு என்பதையும் ஆய்வு பதிவு செய்கிறது.

அடுத்து, குற்றம் நிகழும் விதம். இன்றைய போட்டிகளில் வாயால் கேட்பதில்லை. மேசையோரப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைக்க வேண்டும். ஓவர்கால்காரரின் விரல் முதலில் பச்சை நிற பாஸ் அட்டைக்குப் போகும். அங்கே கொஞ்சம் நிற்கும். சீட்டுகளை மறுபடி விரித்துப் பார்ப்பார், அவை மாறியிருக்காது. பிறகு விரல் பாஸை விட்டு நகர்ந்து கேள்வி அட்டைகளில் ஒரு கத்தையை உருவும். இந்தத் தயக்கத்தை எதிரே இருக்கும் ஜோடி ஒரு வரி விடாமல் படித்திருப்பார். ஆனால் படித்ததை வைத்து ஆடக் கூடாது என்கிறது சட்டம். பார்த்ததைப் பார்க்காத மாதிரி வாழச் சொல்லும் இவ்விதி துறவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் தண்டனை இருந்தது. குறுக்கே புகுந்தவரை 'டபுள்' என்று சொல்லி, தோல்வியின் விலையை ஏற்றி அடிக்கலாம். 1957-இல் அமெரிக்க ஆட்டக்காரர்களான ஆல்வின் ரோத்தும் டோபையாஸ் ஸ்டோனும் வந்து, அந்த டபுளுக்கு 'என்னிடம் மற்ற இனங்கள் இருக்கின்றன, தயவுசெய்து பேசு' என்று பொருள் வைத்தார்கள். அதே ஆண்டு ஸ்புட்னிக் பறந்ததால் அதற்கும் ஸ்புட்னிக் என்றே பெயர். தடி மனுவாகிவிட்டது. சுற்றி வளைத்து அடிக்க இப்போதும் வழி உண்டு. ஜோடியின் தயவு வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை.

போதாக்குறைக்கு ஸ்கோர் சீட்டே குற்றத்துக்கு உடந்தை. எதிரணி வல்னரபிளாக, அதாவது லாபமும் நஷ்டமும் கூடுதலாகும் நிலையில், இருந்து நான்கு ஆட்டின் ஆடி எடுத்தால் அவர்களுக்கு 620. வல்னரபிளாக இல்லாத நீங்கள் அதன்மேல் நான்கு இஸ்பேட் கேட்டு, டபுளும் வாங்கி, மூன்று பிடி குறைந்து தோற்றால் 500. ஆக, தோற்றதில் 120 லாபம். இதைப் புதிதாகக் கற்றவர் சில வாரங்களுக்கு எதற்கெடுத்தாலும் தோற்பார். கேட்டால் தியாகம் என்பார்.

இனி வழக்காய்வு. 1929 செப்டம்பரில், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், பெனட் தம்பதி அண்டை வீட்டு ஹாஃப்மன் தம்பதியோடு ஆட உட்கார்ந்தார்கள். அச்சில் வந்த விவரப்படி ஏலம் இது: ஜான் பெனட் ஒரு இஸ்பேட், சார்ல்ஸ் ஹாஃப்மன் இரண்டு டைமன், மர்டில் பெனட் நான்கு இஸ்பேட். ஜான் ஆடித் தோற்றார். மர்டில் அவருடைய ஆட்டத்தை ஏளனம் செய்தார். ஜான் அறைந்தார். மர்டில் துப்பாக்கியை எடுத்துவந்து சுட்டார், ஜான் இறந்தார். முன்னாள் செனட்டர் ஜேம்ஸ் ரீட் வாதாட, 1931-இல் மர்டில் விடுதலையானார்.

ஜான் எந்தச் சீட்டை எப்போது இறக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று பிரிட்ஜ் நிபுணர்கள் பிறகு அலசினார்கள். அந்த இரண்டு டைமனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. அது குறுக்கே வராமல் இருந்திருந்தால் மர்டில் நிதானமாக இரண்டோ மூன்றோ இஸ்பேட்டோடு நின்றிருப்பார், ஜான் அதை எடுத்திருப்பார், இருவரும் சண்டையில்லாமல் தூங்கப் போயிருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ஹாஃப்மன் மேல் வழக்கு இல்லை. ஆட்ட விதிப்படி, பெனட் குறைந்த பிடிகளுக்கான புள்ளிகளும் ஹாஃப்மன் கணக்கில்தான் சேர வேண்டும்.