நுழையும், ஆனால் பேசாது

கேள்வி: 2005-இல் வாங்கிய மடிக்கணினியின் துளையில் 16 ஜிபி மெமரி கார்டு கச்சிதமாக நுழைந்தும், கணினி அதைக் கண்டுகொள்ளாதது ஏன்?

பதில்: நுழைவதற்கு உடலளவு போதும், பேசுவதற்கு மொழி வேண்டும். 2 ஜிபி வரையிலான பழைய எஸ்டி கார்டுகளில் தரவு இருக்குமிடம் பைட் பைட்டாக எண்ணப்பட்டது; 2006-இல் வந்த, 32 ஜிபி வரை கொள்ளும் எஸ்டிஎச்சி வகையோ 512 பைட்டுகளை ஒரு கட்டாக்கி, கட்டுக்கு ஒரு கதவிலக்கம் என எண்ணுவதால், பழைய கார்டு ரீடர் தெருவின் எண்கள் மாறியதை அறியாத தபால்காரரைப் போலத் திகைத்து நிற்கிறது. 2009-இல் அறிமுகமான எஸ்டிஎக்ஸ்சி வகைக்கு, கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ஃபாட் எனப்படும் முறையையும் இயங்குதளம் அறிந்திருக்க வேண்டும். அறியாத கணினி ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று பணிவாகக் கேட்கும். ஆம் என்பவர் கல்யாணப் படங்களை இழப்பார். உங்கள் 16 ஜிபி கார்டுக்கோ, புதிய யுஎஸ்பி கார்டு ரீடர் வாங்குவதே மலிவான வழி.