விசில் மாமா

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் வல்லத்திராக்கோட்டை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு பெஞ்சைக் காலி செய்துவிடுவார்கள். அது விசில் மாமாவின் இடம். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று பையையும் டிக்கெட் மெஷினையும் டெப்போவில் ஒப்படைத்துவிட்டார். நாக்கை மட்டும் ஒப்படைக்கவில்லை.

பக்கத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்தில் புது ரகம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. வம்பில் புது ரகம் கண்டுபிடிக்க எங்களுக்கு மாமா போதும்.

எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. சித்திரையில் தளிர்த்து ஆடியில் உதிர்வார். சில ஊர்களில் அவர் எல்.ஐ.சி. ஏஜென்ட், சில ஊர்களில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். எங்களுக்கு வாய்த்தவர் கண்டக்டர் என்பதால் உயர்கல்வியே எங்களுக்கு டிக்கெட், ஸ்டேஜ், சில்லறை என்றுதான் புரிந்திருக்கிறது. "நீங்க எந்தக் காலேஜ் மாமா?" என்று ஒருவன் குறும்பாகக் கேட்டான். "படிக்கட்டுல தொங்குனவனுகளை உள்ள போ, உள்ள போன்னு நான் தள்ளாம எவன்டா காலேஜுக்குப் போயிருக்கான்?" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மார்க் பட்டியலை நீட்டினால் மாமா மார்க்கைப் பார்க்க மாட்டார். "எத்தனை பஸ் மாறணும்?" என்பதுதான் முதல் கேள்வி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியா? ஒரே பஸ். "1880-லேருந்து அங்கேயே நிக்கிது, எங்கயும் போயிறாது. அவசரம் இல்ல." திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகமா? "ரெண்டு பஸ். யோசிக்கலாம்." கிண்டி பொறியியல் கல்லூரியா? "1794-ல ஆரம்பிச்சது. ராத்திரி பஸ்ல ஏறித் தூங்குனா விடியக்காலம் மெட்ராஸ்ல இறங்கலாம்." டெல்லிப் பல்கலைக்கழகமா? மாமா கண்ணை மூடிக்கொள்வார். "அங்க பஸ்ஸே கிடையாது. அப்ப உசத்தியாத்தான் இருக்கும்."

இந்தக் கணக்கில் ஊராருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் டெல்லி, ஹைதராபாத், காசி. மாமாவின் மூத்த பேத்திக்கு மட்டும் புதுக்கோட்டை அரசு மகளிர் கல்லூரி. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே!

காசி என்றதும் ஒரு தாய் பதறிவிட்டார். "அறுபது வயசுல போற ஊருக்குப் பதினேழு வயசுல அனுப்பச் சொல்றியளேண்ணே!" மாமா அசரவில்லை. "ஆத்தா, இது கங்கையில முங்குற காசி இல்ல. 1916-ல மாளவியா ஆரம்பிச்ச பல்கலைக்கழகம். பாவத்தைக் கழிக்க இல்ல, பட்டத்தை வாங்க." அந்த அம்மாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு போனார்.

விஷயம் தெரியாதவர் என்று மாமாவைத் தள்ளிவிட முடியாது. இடஒதுக்கீட்டை அவர் விளக்குவதுபோல் தாலுகா ஆபீஸில்கூட விளக்க மாட்டார்கள். "ஆறுலேருந்து பன்னண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சியா? இன்ஜினியரிங்ல உனக்கு ஏழரை சதவீதம், ஜன்னல் வழியாத் துண்டு போட்டு வச்ச சீட்டு. ஃபீஸும் ஹாஸ்டலும் கவர்மென்ட் செலவு. ஆனா இங்க போட்ட துண்டு மத்திய பல்கலைக்கழகத்துல செல்லாது. இங்க மொத்த ஒதுக்கீடு 69 சதவீதம், அங்க வேற கணக்கு. நீ வச்சிருக்கிற பி.சி., எம்.பி.சி. சர்ட்டிபிகேட்டை நீட்டுனா அங்க மூஞ்சியைப் பார்ப்பான். மத்திய அரசுக்குன்னு தனியா ஓ.பி.சி. சர்ட்டிபிகேட் வாங்கணும், அதுவும் புதுசா."

உள்மாநிலம், வெளிமாநிலம் என்று யாராவது பிரித்துப் பேசினால் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிடும். "எதுடா வெளிமாநிலம்? காரைக்கால் என்.ஐ.டி.க்குப் போ. சுத்தி நாகப்பட்டினம், மயிலாடுதுறை, பேசுறது தமிழ், ஆனா சீட்டுக் கணக்குல நீ வெளியூர்க்காரன். ஏன்னா அது புதுச்சேரி. திருச்சி என்.ஐ.டி.யில பாதி சீட்டு நம்ம மாநிலத்துக்கு. இந்தப் பக்கம் திருவாரூர் நீலக்குடிக்குப் போ. 2009-ல வந்த மத்திய பல்கலைக்கழகம். நம்ம மண்ணு, ஆனா ஹாஸ்டல்ல மலையாளமும் இந்தியும் கேக்கும். அட, எங்க தாத்தா காலத்துல திருச்சியே வெளிநாடுதான்டா!"

கடைசியாகச் சொன்னதில் பாதி நிஜம். 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். மன்னர் கல்லூரி உள்நாடு. திருச்சி 1947 வரை வெள்ளைக்காரன் சீமை.

அமெரிக்காவைப் பற்றியும் மாமாவுக்குக் கருத்து உண்டு. அங்கே மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்துப் பிள்ளை சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கட்ட வேண்டும். "நம்ம மத்திய பல்கலைக்கழகத்துல காஷ்மீர்க்காரனுக்கும் கைக்குறிச்சிக்காரனுக்கும் ஒரே டிக்கெட்டு. அதுல ஏறாம விடுறியளேடா!" என்பார். டீக்கடையே தலையாட்டும்.

போன வருஷம் அப்படித் தலையாட்டியவர்களில் ஒரு பையன் நிஜமாகவே எழுந்துவிட்டான். நல்ல மார்க். "சரி மாமா, டெல்லிக்கே போறேன். எங்க அப்ளை பண்ணணும்?" பெஞ்சில் அமைதி. இத்தனை வருஷத்தில் மாமாவிடம் ஊரார் வாங்கியதெல்லாம் ஆலோசனைதான். டிக்கெட் கேட்டவன் இவன் ஒருவனே.

பையன் இ-சேவை மையத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பினான். "மத்திய பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி. எழுதணுமாம் மாமா. 2022-லேருந்து அப்படித்தானாம். ப்ளஸ் டூ மார்க்கு உள்ள நுழையிறதுக்கு மட்டும்தானாம். சீட்டு அந்தப் பரீட்சை மார்க்குலதானாம். விண்ணப்பம் மார்ச் மாசமே முடிஞ்சிருச்சாம். என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ.யும் அதுக்கு முந்தியே போயிருச்சாம்."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். பஸ் கிளம்பிப் போய் இரண்டு மாசம் கழித்து, ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்த பஸ்ஸின் பெருமையை வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார். அதுவும் யார்? ஒரு நிமிஷம் பிந்தினாலும் டைம் கீப்பரிடம் மல்லுக்கு நின்ற மனுஷன். "டயத்தைப் பார்க்காம விட்டுட்டேனேடா அப்பு" என்றார். மாமா குரல் தாழ்ந்து கேட்டது அன்றுதான்.

பையனுக்குக் குறை ஒன்றும் வந்துவிடவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு வரும் கட்-ஆஃப்தான் கணக்கு. விண்ணப்பமும் அப்போது திறந்தே இருந்தது. ஏழரை சதவீதத் துண்டு சீட்டில் காத்திருந்தது. இன்று அவன் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். மூன்று பஸ் மாறினால் வீடு.

ஆனால் மாமாவின் பருவம் மாறிவிட்டது. இந்தத் தடவை பொங்கல் கரும்பு காய்வதற்குள் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டார். "இன்னும் பரீட்சையே எழுதலையே மாமா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "பரீட்சை எழுதுறதுக்குள்ள வண்டி போயிரும்டா, ஏறுங்க, ஏறுங்க" என்று விரட்டினார். முதலில் விண்ணப்பித்தது அவருடைய இளைய பேத்தி.

உங்கள் ஊர் டீக்கடையிலும் ஒரு மாமா இருப்பார். எந்த ஊர் நல்லது என்று அவர் சொல்வதைக் கேளுங்கள், கேட்காமலும் போங்கள். உள்ளூர் வண்டி ரிசல்ட்டுக்குப் பிறகும் நிற்கும். வெளியூர் வண்டி நிற்காது. அதன் கடைசித் தேதியை மட்டும் ஜனவரியிலேயே நீங்களே பார்த்துவிடுங்கள்.