மாப்ளே, உங்க வண்டி புஸ்ஸுங்குதுங்களா?

காருக்கு டர்போ வால்வு மாத்தப் போறீங்கன்னு உங்கம்மா போன்ல சொல்லுச்சு. நல்ல காரியமுங்க. அவனவன் நெஞ்சுல இருக்கற வால்வு மாத்தவே காசில்லாம நிக்கறான், உங்க காருக்கு இது ரெண்டாந் தடவைங்க. சங்ககிரியில லாரி ஓட்டுன குடும்பத்துல இப்படி ஒருத்தர் வந்தது எங்களுக்கெல்லாம் பெருமைதானுங்க.

பழைய வால்வுல சத்தம் பத்தலீங்களாமா? ஹைதராபாத் கச்சிபவுலி ஃப்ளைஓவர்ல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா 'புஸ்'ஸுன்னு கேக்கோணும், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாக்கோணும், அதுதானுங்களே ஆசை? பாத்தானுங்களே! நானும் உள்ளதான் இருந்தேன். மெஹதிப்பட்டணம் சிக்னல்ல அந்த ஆட்டோக்காரர் நம்ம கண்ணாடியைத் தட்டி, "பாய், ஹவா நிகல்ரா"ன்னாரு. காத்துப் போகுதாமா. டயர் பஞ்சருன்னு பரிதாபப்பட்டுட்டாரு மனுசன். நீங்க வாங்கின மதிப்பு அவ்வளவுதானுங்க.

பெரிசா வாங்கறதுக்கு முன்னாடி அது என்ன வேலை பாக்குதுன்னு கேட்டுக்குங்க. விக்கறவன் சொல்லமாட்டான். சொன்னா யாவாரம் ஆகாது.

வெளிய போற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்துது. அதே தண்டுல இந்தப் பக்கம் இருக்கற சக்கரம் காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள திணிக்குது. அதுதான் டர்போ. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். 1905ல ஆல்ஃபிரட் பூஷின்னு சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் இதுக்குப் பேடண்ட் வாங்கினாரு. வீணாப் போற புகைகிட்ட வேலை வாங்கோணும்னுதான் அவரு பாடுபட்டாரு. சிக்னல்ல நிக்கற பொண்ணுங்க திரும்பிப் பாக்கோணும்னு இல்லீங்க.

இப்ப நீங்க காலை எடுக்கறீங்க. த்ராட்டில் கதவு படக்குன்னு மூடிக்குது. சக்கரத்துக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குக் காத்தைத் திணிச்சுட்டே இருக்கும். கல்யாண மண்டபத்துல பந்திக் கதவைச் சாத்திட்டா, உள்ள போற கூட்டம் திரும்பி வந்து வாசல்ல சந்தனம் குடுக்கறவன் மேலயே விழுமே, அப்படி அந்தக் காத்து திரும்பி வந்து சக்கரத்தையே அடிக்கும். அடிக்காம இருக்கறதுக்குப் பக்கத்துல ஒரு கதவு வெச்சிருக்கான், அதுதான் வால்வு. கம்பெனிக்காரன் அந்தக் காத்தை டர்போவுக்கு முன்னாடி இருக்கற குழாய்க்கே திருப்பி விடுவான். சத்தம் வெளிய வராது. உங்க வண்டியில மாட்டியிருக்கறது அதை ரோட்டுல ஊதிவிடுது.

சரி, இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா மாப்ளே? வண்டி இழுக்கறப்ப இந்த வால்வு வாயே திறக்காது. நீங்க வேகத்தை விட்டப்புறந்தான் திறக்கும். அப்ப அந்தப் 'புஸ்'ஸுக்கு என்னங்க அர்த்தம்? "ஐயா இனிமே ஓட்டலீங்க, விட்டுட்டாருங்க"ன்னு ஊருக்கே தமுக்கு அடிக்கறீங்க. 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு இருக்குது, அதுல ஒரே சீரா மிதிச்சுட்டுப் போனா உங்க வால்வு ஊமைங்க. அமீர்பேட்டை நெரிசல்லதான் அதுக்குப் பேச்சு வரும்.

வேகத்துக்குச் சத்தம் எதுக்குங்க? இந்த ஊர்லயே 2023 பிப்ரவரி 11ல ஹுசேன் சாகர் ஏரி ஓரமா ஃபார்முலா ஈ பந்தயம் விட்டாங்களே! எல்லாம் கரண்ட் வண்டி. டர்போவும் இல்ல, வால்வும் இல்ல, புஸ்ஸும் இல்ல. ஜெயிச்ச பிரெஞ்சுக்காரர் ஜான் எரிக் வெர்ன்கிட்ட யாரும் போயி "அண்ணா, வால்வு எங்க வாங்கினீங்க"ன்னு கேக்கலீங்க.

இனி காசு கணக்குக்கு வருவோம். சில வண்டியில காத்து உள்ள வர்றப்பவே ஒரு சென்சார் அளந்துபோடும். ஏர் ஃபில்டர் டப்பாவை ஒட்டி, குழாயில ஒயர் மாட்டி இருந்தா பெரும்பாலும் அதுதான். அளந்த காத்துக்குத் தக்கன கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊத்தும். நீங்க அந்தக் காத்தை ரோட்டுல விட்டுட்டீங்க, அதுக்கு அது தெரியாது. இல்லாத காத்துக்குப் பெட்ரோல் வந்து கரும்புகை, பிளக்குல கரி, நிக்கறப்ப இஞ்சின் தடுமாறி ஆஃப். எச்சாப் பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப்போடும். காத்தோட அழுத்தத்தை மட்டும் பாக்கற வண்டின்னா இவ்வளவு தகராறு இல்லீங்க. உங்களுது எந்த சாதின்னு முதல்ல பாருங்க. வண்டிக்கு மட்டும் சாதி பாக்கலாம், தப்பில்ல.

உங்க எதிர்வீட்டுக்காரர் டீசல் வண்டிக்கே ஒண்ணு மாட்டியிருக்காரு. டீசல்ல காலை எடுத்தா பெட்ரோல் வண்டியாட்டம் காத்துக் கதவைச் சாத்தறதில்ல, அடைபடறதுக்கு ஒண்ணுமில்ல. அவரு மாட்டுனது சும்மா புஸ்ஸுங்கற ஒரு பொட்டி. அவரோட போட்டிக்குப் போகாதீங்க, தோத்துப்போவீங்க.

சட்டம் கேட்டீங்கன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்குது. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா வழக்கு ஒண்ணுல சொல்லிப்போட்டுது. "ஆர்.சி. புக்குல வால்வைப் பத்தி ஒரு வரி இருக்குதுங்களா"ன்னு நீங்க வாதாடலாம். வெயில்ல நிக்கற டிராஃபிக் எஸ்.ஐ.கிட்ட வாதாடிப் பாருங்க, நான் நிழல்ல நின்னுக்கறேன். சத்தத்துக்கும் புகைக்கும் 190ஆம் பிரிவு வேற தனியாக் காத்துட்டிருக்குது.

இத்தனை சொல்லியும் மாத்தித்தான் தீருவேன்னா, சத்தத்துக்கு முன்னாடி ஸ்பிரிங்கைப் பாருங்க. ரொம்ப விறைப்பா இருந்தா வால்வு திறக்கறதுக்குள்ள காத்து திரும்பிரும். ரொம்பத் தளர்வா இருந்தா வண்டி சும்மா நிக்கறப்பவே திறந்துட்டு, ஃபில்டர் பாக்காத காத்தை உள்ள உறிஞ்சும். நானக்ராம்கூடாவுல கட்டடம் கட்டற தூசி பூரா இஞ்சினுக்குள்ளதான் குடியேறும்.

இப்ப இருக்கறதையும் குப்பைன்னு முடிவு கட்டாதீங்க. இழுவை குறைஞ்சு விசில் அடிக்குதுன்னா, பல சமயம் வால்வு மேல தப்பிருக்காது. வால்வுக்குப் போற பென்சில் தடிமன் வேக்வம் ஹோஸ் வெடிச்சிருக்கும், இல்லீன்னா கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஓ-ரிங் நசுங்கியிருக்கும். கை வேக்வம் பம்ப்பை வால்வு மேல இருக்கற நிப்பிள்ல மாட்டி இழுத்துப் பாருங்க. பிஸ்டன் மேல ஏறி அங்கயே நிக்கோணும். வழுக்கிட்டு இறங்குனா உள்ள ஓட்டை. சிக்கிச் சிக்கி ஏறுனா பிரிச்சுத் துடைச்சு, சிலிகான் கிரீஸ் துளி தடவுனாப் போதும். இதெல்லாம் இஞ்சின் ஆறினப்புறம் செய்யோணுமுங்க. டர்போவுல கை வெச்சா எந்தக் கொப்புளமும் புஸ்ஸுங்காது, நீங்கதான் கத்துவீங்க.

என்னைக் கேட்டா, கம்பெனி வால்வையே திருப்பி மாட்டுங்க. செகண்ட் ஹேண்ட் வண்டிதானுங்களே, பழைய ஓனர் கழட்டுனதை டிக்கியில ஸ்டெப்னிக்குக் கீழ போட்டிருப்பான், தேடுங்க. ஒயர்ல ஓடற வால்வுன்னா அந்தக் கனெக்டரைக் கழட்டி எங்க கட்டித் தொங்கவிட்டிருக்கான்னும் பாருங்க. அது மாட்டலீன்னா இஞ்சின் லைட்டு அணையவே அணையாது. கிடைக்கலீன்னா புத்லிபவுலியில விசாரிக்கலாம், நானும் வாரேன், திரும்பறப்ப ஒரு இரானி சாயா நீங்க வாங்கிக் குடுங்க. கழட்டுன பளபளப்பு வால்வை வீசிப்போடாதீங்க. வியாழக்கிழமை ஜும்மேராத் பஜார்ல போட்டா, உங்களாட்டம் ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு.

அப்புறமேட்டு, கிளாம்ப் வாங்கறப்ப ரெண்டு எச்சாவே வாங்குங்க. ஒண்ணு கண்டிப்பாக் கை நழுவி இஞ்சினுக்கடியில விழுகும், குனிஞ்சு எடுக்க என் இடுப்பு ஆகாதுங்க.