ஏலமலையில் பூச்சியத்தின் பொருள்: ஓர் ஆய்வு

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அங்கே நடக்கிறது. போடிமெட்டுக்கும் மேலே, செல்போன் கோபுரத்தின் கண்ணில் படாத தோட்டத்தில் இருப்பவருக்கு அன்றைய விலை தெரிய ஒரே வழி, ஸ்டோர் கூரைமேல் நிற்கும் டிஷ்தான். அது எப்போது உழைக்கிறது, எப்போது தூங்குகிறது என்று கண்டறிய, நிமிடத்துக்கு ஒரு பிங் அனுப்பி டேட்டாபேஸில் பதியும் ஸ்கிரிப்ட் ஒன்றை இவ்வாய்வாளன் எழுதினான். நாளொன்றுக்கு 1,440 வரி. முதல் மாத அறிக்கை உலக அறிவியலை உலுக்க வல்லது: மழை வலுக்க வலுக்க இணையம் வேகமாகிறது!

வெயில் நாளில் சராசரித் தாமதம் அறுநூற்றுச் சொச்சம் மில்லி நொடி. அடைமழை நாளில் அதில் பாதி. துளிகள் அலையைக் கழுவி வழுக்கிவிடுகின்றன என்றொரு கருதுகோளை எழுதத் தொடங்கி, தலைப்பும் வைத்தாயிற்று.

குறுக்கே வந்தவர் ஐன்ஸ்டைன். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கிறது டிஷ் நோக்கும் செயற்கைக்கோள். கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க, ஒளியின் வேகத்தில் ஓடினாலும் ஏறத்தாழ 477 மில்லி நொடி ஆகும். அதற்குக் கீழே ஒரு பிங் வந்தால் ஒன்று இயற்பியல் பொய், அல்லது ஸ்கிரிப்ட் பொய். வரிகளைப் புரட்டினால் 0, 0, 0. மழைத்துளி இரண்டு சென்டிமீட்டர் அலையை விழுங்கிவிட, பதிலே வராத நிமிடங்களுக்கெல்லாம் ஸ்கிரிப்ட் பூச்சியம் போட்டிருந்தது. சராசரி அந்தப் பூச்சியங்களையும் சேர்த்துக்கொண்டு மகிழ்ந்தது.

கணக்குப்பிள்ளையிடம் புலம்பினேன். அவர் மழைமானி நோட்டை எடுத்து நீட்டினார். எண்ணெய்க்கறை படிந்த அட்டை, காலை எட்டரை மணிக்கு நாளுக்கு ஒரு வரி. சில நாட்களில் 0, சில நாட்களில் வெறும் கோடு. “பூச்சியம்னா பாத்தேன், மழை இல்ல. கோடுன்னா நான் பாக்கவே இல்ல, கீழ போடிக்குப் போயிட்டேன். ரெண்டும் ஒண்ணாகுமா தம்பி?”

டேட்டாபேஸ்காரர்கள் ‘நல்’ என்று பெயர் சூட்டிக் கொண்டாடும் தத்துவம் அந்தக் கோடுதான். அன்றிரவே பதில் வராத நிமிடத்துக்குக் கோடு போட வைத்தேன். 477க்குக் குறைந்த எந்த எண்ணையும் உள்ளே விடாதே என்று அட்டவணைக்கே ஒரு காவலும் வைத்தேன்.

அடுத்த சிக்கல், மாலை மூன்றரைக்குப் பெய்யும் மழைக்குக் காலை பத்து மணிக்கே இணைப்பு அறுந்தது. பத்து மணிக்குத்தான் தேநீர் கொதிக்கும்; ஆகவே ஆவியே காரணம் என்ற கொள்கை தோட்டத்தில் சில நாள் செல்வாக்குடன் இருந்தது. (அடுப்பை இடம் மாற்றவும் செய்தார்கள்.) உண்மையில், பதிவுகள் சேரும் டேட்டாபேஸான எஸ்கியூலைட் தானாகப் போடும் நேரமுத்திரை கிரீன்விச் நேரம், நம்முடையதற்கு ஐந்தரை மணி பின்தங்கியது. அடுப்பு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஸ்கிரிப்ட் பதிவுகளை அதே டிஷ் வழியாகச் சென்னைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நெடுநேரம் இணைப்பு இல்லாதபோது செய்தி சொல்லவும் ஆளில்லை. இப்போது முதலில் ஸ்டோர் கணினியில் எழுதி, வழி திறந்ததும் மொத்தமாக அனுப்புகிறது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், டிஷ்ஷுக்கு வானம் வேண்டும் என்ற தகராறுக்கு மட்டும் எந்த நிரலிலும் தீர்வு இல்லை.

திருத்திய பின் கோடுகளையும் மழை நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின, ஒரு நாளைத் தவிர. அன்று நல்ல வெயில். ஆனாலும் பதினொரு மணி முதல் நாற்பது நிமிடம் வரிசையாகக் கோடு. வானியல் காரணம் தேடி நோட்டைத் திறந்தேன். அந்தத் தேதியில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து:

“மழை 0. சாக்கு துவைத்து டிஷ்மேல் காயப்போட்டது.”